ஸவாது: கரும்பூமி வெளுத்த வரலாறு

ஸவாது என்னும் அரபுச் சொல்லுக்குக் கருமை என்பது பொருள். தஜ்லா, புராத்து ஆகிய இரு நதிகளுக்கு இடையிலும் அவற்றின் இருகரைகளிலும் விரிந்து கிடந்த இராக்கின் வண்டல் சமவெளிக்கு அரபிகள் இட்ட பெயர் அது. வெண்மணலையே கண்டு பழகிய பாலைநிலத்து மனிதன், பல நாள் பயணத்துக்குப் பின் தொடுவானத்தில் பேரீச்சந் தோப்புகளையும் பயிர்ச்செறிவையும் கண்டபோது, அப்பசுமை அவன் கண்ணுக்குக் கருமையாகத் தெரிந்தது. அடர்ந்த பச்சையைக் கருமை எனச் சொல்வது அரபு மொழியின் வழக்கம். நம் மொழியிலும் கார் என்ற சொல்லோடு செழிப்பு சேர்ந்தே வருவதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அந்தக் கரும்பூமியின் பெரும்பகுதி பின்னாளில் வெளுத்தது. உப்புப் பூத்து வெளுத்தது.

உலக மக்கள்தொகை 1974இல் 400 கோடியை எட்டியது. 2022 நவம்பரில் 800 கோடியை எட்டிவிட்டதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. இந்நூற்றாண்டின் எண்பதுகளில் அது 1,030 கோடி அளவில் உச்சத்தைத் தொட்டுப் பின் மெல்லக் குறையும் என்பது அச்சபை 2024இல் வெளியிட்ட மதிப்பீடு. இத்தனை உயிர்களை இந்தப் பூமி தாங்குமா என்ற வினா எழுவது இயல்பே. மால்தஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் 1798இல் இதே வினாவை எழுப்பினார். 1968இல் பால் எர்லிக் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞர், எழுபதுகளில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவர் என்று எழுதினார். அவர் சொன்ன அளவில் அது நிகழவில்லை. புதிய கோதுமை, நெல் வகைகளும், இரசாயன உரமும், ஆழ்குழாய்க் கிணறும் குறுக்கே வந்தன. ஆனால் ஒரு முன்னறிவிப்பு பொய்த்ததைக் காட்டிக் கவலையே வேண்டாம் என்பாரும் உளர். அவர்களுக்கும் எர்லிக்குக்கும் ஒருங்கே எடுத்துக்காட்டத் தக்க நிலம் ஸவாது என்பது என் எண்ணம். அங்கே இந்தச் சோதனை ஐயாயிரம் ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது.

முதலில் உப்பின் கதையைச் சொல்ல வேண்டும். நதிநீர் நம் நாவுக்கு இனிப்பாகவே இருக்கும். ஆயினும் அதில் சிறிதளவு உப்புக் கரைந்துள்ளது. வயலில் பாய்ச்சிய நீரைக் கோடை வெயில் உறிஞ்சிவிட, உப்பு மண்ணிலேயே தங்குகிறது. மழை மிகுந்த நாட்டில் அது கழுவப்பட்டுப் போய்விடும். ஸவாதில் மழை அரிது. நிலத்தின் சரிவோ மிகமிகக் குறைவு. ஆகவே நீர் வடிய வழியில்லை. மேலும் மேலும் பாய்ச்சினால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, உவர்நீர் மண்துளைகளின் வழியே மேலேறுகிறது. பயிரின் வேரை அது தொட்டதும் விளைச்சல் குன்றுகிறது. அதன்மேல் பூத்த களரைக் கண்டு உழவன் கலங்கும்போது காரியம் பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும்.

தோர்கில்டு ஜேக்கப்சன், இராபர்ட் ஆடம்ஸ் என்னும் அறிஞர் இருவர் 1958இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. தென்னிராக்கில் கி.மு. 3500 அளவில் கோதுமையும் வாற்கோதுமையும் ஏறத்தாழ சம அளவில் பயிராயின என்றும், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கோதுமை ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியது என்றும், கி.மு. 1700 அளவில் அப்பகுதியிலிருந்து அது மறைந்தே போயிற்று என்றும் பானைகளில் பதிந்த தானியத் தடங்களையும் களிமண் ஏடுகளையும் கொண்டு அவர்கள் காட்டினர். கோதுமை உப்பைத் தாங்காது. வாற்கோதுமை ஓரளவு தாங்கும். ஆதலின் பயிர் மாறிய வரலாறே உப்பு ஏறிய வரலாறு என்பது அவர்கள் வாதம். மார்வின் பவல் என்பவர் 1985இல் அந்த ஏடுகளின் அளவைகளை அவர்கள் பிறழ உணர்ந்தனர் என்று மறுத்தார். சுமேரியரின் வீழ்ச்சிக்கு உப்பு மட்டுமே காரணம் என்று இன்று அடித்துச் சொல்வதற்கில்லை. உப்பு அந்நிலத்தின் தீராத நோய் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

நோய் இருந்தது, மருந்தும் இருந்தது. நான் இதில் வியந்து நிற்பது மக்குவைர் கிப்சன் 1974இல் எழுதிய ஒரு கட்டுரையைக் குறித்து. இராக்கின் குடியானவர்கள் ஓராண்டு பயிரிட்டால் மறு ஆண்டு நிலத்தைத் தரிசாக விடுவர். அத்தரிசில் ஷவ்கு, ஆகூல் என்னும் இரண்டு முட்செடிகள் தாமாக முளைக்கும். இரண்டாவதை ஒட்டக முள் என்றும் சொல்வர். அவற்றின் வேர்கள் மிக ஆழமாக இறங்கி, அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சி, நீர்மட்டத்தைக் கீழே தள்ளிவிடும். அடுத்த முறை பாய்ச்சும் நீர், மேல்மண்ணின் உப்பைக் கரைத்துக்கொண்டு அந்த உலர்ந்த ஆழத்தில் இறங்கிவிடும். யாரும் நடாத முள், யாரும் கூலி கொடாமல் செய்த வேலை அது. கிப்சன் கண்ட உண்மை என்னவெனில், தலைநகரில் அமர்ந்த அரசு கூடுதல் விளைச்சல் கேட்டு நெருக்கும்போதெல்லாம் இத்தரிசு முறையே முதலில் பலியாயிற்று என்பதுதான். நிலத்தின் ஓய்வைப் பறித்தால் சில ஆண்டுகள் களஞ்சியம் நிரம்பும். பின்பு களர் பூக்கும்.

இனி இஸ்லாமிய ஆட்சிக் காலத்துக்கு வருவோம். கலீபா உமர் (ரலி) அவர்கள் ஸவாதைப் படைவீரர்களுக்குப் பங்கிட மறுத்து, உழுதவர் கையிலேயே நிலத்தை விட்டு, கராஜ் வரி விதித்தார்கள். உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்கள் அளந்து கண்டது 3 கோடியே 60 இலட்சம் ஜரீபு என இமாம் அபூயூசுஃப் தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் குறிக்கிறார். ஜரீபு என்பது ஏறத்தாழ 1,600 சதுர மீட்டர். இன்றைய கணக்கில் ஒன்றரைக் கோடி ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நிலத்தை வீரர்களுக்குக் கூறுபோட்டால் பின்வரும் தலைமுறைகளுக்கு என்ன மிஞ்சும் என்பதே அன்று உமர் (ரலி) அவர்கள் எழுப்பிய வினா. அதனை இவ்விடத்தில் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது.

கலீபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதப்பட்ட அந்நூலை மாணவப் பருவத்தில் நான் வரிச்சட்டம் என்றே ஓதினேன். முதுமை நெருங்கும்போதுதான் அதில் பாதி தண்ணீரைப் பற்றியது என்பது புலனாயிற்று. பெருநதிகளின் கரை உடைப்பு, மதகு ஆகியவற்றைச் செப்பனிடும் செலவு முழுவதும் பைத்துல்மாலைச் சார்ந்தது என்றும், அச்சுமையைக் குடியானவன்மேல் ஏற்றலாகாது என்றும் இமாம் வகுக்கிறார். கரை உடைந்தால் அனைவரும் கெடுவர்; ஆதலின் அது அனைவரின் பொருளால் காக்கப்பட வேண்டும்.

சட்டம் இவ்வாறிருக்க, நடைமுறை வேறு வழியில் சென்றதும் உண்டு. ஹஜ்ஜாஜின் காலத்தில் ஏற்பட்ட உடைப்புகளை அடைக்க 30 இலட்சம் திர்ஹம் வேண்டும் எனக் கலீபா வலீதுக்கு எழுதப்பட்டதையும், அத்தொகை மிகையெனத் தோன்றியதையும் பலாதுரீ பதிந்துள்ளார். கலீபாவின் உடன்பிறந்தாரான மஸ்லமா, நீர் வடிந்தபின் வெளிப்படும் நிலம் தமக்கே உரியதாக வேண்டும் என்ற நிபந்தனையோடு அச்செலவை ஏற்றார்.

பஸராவைச் சூழ்ந்த களர்நிலத்தில் நிகழ்ந்தது இன்னும் கொடியது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட ஸன்ஜு அடிமைகள், உப்புப் படிந்த மேல்மண்ணைச் சுரண்டி மலைமலையாகக் குவித்து, அடியிலுள்ள நல்ல மண்ணை வெளிப்படுத்தும் வேலையில் ஏவப்பட்டனர். அரைவயிற்று உணவே அவர்களுக்குக் கூலி. ஹிஜ்ரி 255இல் (கி.பி. 869) அவர்கள் கிளர்ந்தெழுந்தனர், பதினான்கு ஆண்டுகள் போர் நீடித்தது, 871இல் பஸரா நகரமே சூறையாடப்பட்டது. அப்பாஸியப் பேரரசின் ஆணிவேரை அசைத்த அந்தக் கலகத்தைத் தபரீ பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். மண்ணின் நோயை மனிதனின் முதுகில் ஏற்றிய கதை அது.

ஸவாது பாழானதற்குக் காரணம் மங்கோலிய ஹுலாகூ என்றே நம் மேடைகளில் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். ஹிஜ்ரி 656இல் (கி.பி. 1258) அவன் பாக்தாதில் செய்த கொடுமையைக் குறைத்துச் சொல்ல யாராலும் இயலாது. ஆயினும் நஹ்ரவான் கால்வாயைக் கொன்றவன் அவனல்லன். சாசானிய மன்னர் காலத்தில் உருவாகி, தஜ்லாவின் கிழக்குக் கரையில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஓடிய அக்கால்வாயைத் தன் கையால் உடைத்தவர், அமீருல் உமரா என்னும் பட்டம் தாங்கிய இப்னு ராயிக். ஹிஜ்ரி 326இல் (கி.பி. 937-938) தம்மை எதிர்த்து வந்த பஜ்கம் என்னும் படைத்தலைவனைத் தடுக்கக் கரையை வெட்டிவிட்டார். பஜ்கம் வந்தே சேர்ந்தான்; பதவியும் அவனுக்கே போயிற்று. நீர் போனதுதான் மிச்சம். பின்னர் அவ்வப்போது செப்பனிட்டும், கால்வாயின் கீழ்ப்பகுதி கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில் தூர்ந்து கைவிடப்பட்டது. ஹுலாகூ வருவதற்கு அப்போது நூறாண்டுகள் இருந்தன. அப்பகுதியின் பழைய ஊர்மேடுகளை ஒவ்வொன்றாக நடந்து கணக்கெடுத்த ஆடம்ஸ், 1965இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் காட்டியுள்ளார்.

ஹிஜ்ரி 334இல் பாக்தாதைக் கைக்கொண்ட புவைஹி அமீர் முஇஸ்ஸுத் தௌலா, உடைப்பை அடைக்கத் தாமே மண் சுமந்தார் என்று வரலாற்றாசிரியர் மிஸ்கவைஹி எழுதுகிறார். அதே அமீர்தான், ஊதியம் கொடுக்கப் பொன் இல்லாமல், ஸவாதின் நிலங்களை இக்தாவாகப் படைவீரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அவ்வீரர்கள் வாய்க்காலைத் தூர் வாரவில்லை, கரையைப் பேணவில்லை. கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு, நிலம் பாழானதும் அதை அரசிடமே திருப்பித் தந்து வேறு நிலம் கேட்டுப் பெற்றனர். இதையும் மிஸ்கவைஹியே மனம் நொந்து எழுதியிருக்கிறார். மண் சுமந்த கையும் மண்ணைப் பாழுக்குக் கொடுத்த கையும் ஒன்றாயிருந்ததை எண்ண எண்ண எனக்கு ஆறவில்லை.

ஆக, ஸவாதைக் கெடுத்தது மக்கள் பெருக்கமா? முழுதும் அன்று என்பேன். கரைகள் நன்றாக இருந்த நாளில்தான் அங்கு மக்கள் மிகுந்திருந்தனர். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்நிலம் அவர்களுக்குச் சோறிட்டது. ஆண்டுதோறும் தூர் வார ஆயிரமாயிரம் கைகள் வேண்டியிருந்தன; ஊர்கள் காலியானதும் எஞ்சிய சிலரால் வாய்க்காலைக் காக்க முடியவில்லை. மக்கள் கூடி உழைப்பதாலேயே செல்வம் பெருகுகிறது என்று 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் கூறியது இதனோடு ஒத்துப்போகிறது. வரியும் கொடுமையும் மிகும்போது உழவன் கலப்பையைக் கீழே போடுகிறான், பஞ்சம் அதனால் வருகிறது என்பதும் அவர் கருத்தே. ஆனால் தொகை ஒரு பொருட்டே இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. 1348-49இன் கொள்ளைநோயில் பெற்றோரை இழந்தவர் அவர். நெருக்கம் மிகும் நகரங்களில் காற்றுக் கெட்டுக் கொள்ளைநோய் பரவுகிறது, வீடுகளுக்கு இடையே வெற்றிடம் விட வேண்டும் என்று எழுதி, கெய்ரோவையும் ஃபாஸையும் எடுத்துக்காட்டுகிறார். தரிசு நிலம் பறிபோனதற்கும் நகரத்து வாய்கள் பெருகியது ஒரு காரணம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பத்துப் பேருக்குப் போதிய நிலத்தில் இருபது பேருக்குக் கேட்கும்போது, முள்முளைக்க விடும் பொறுமை எவருக்கும் வருவதில்லை.

பூமி பிழைக்குமா என்று கேட்பதிலேயே ஒரு பிழை உண்டு. நஹ்ரவானை அடுத்த நிலம் எங்கும் போய்விடவில்லை. முள்ளும் மணலுமாய் அங்கேயே கிடந்தது. இல்லாமற் போனவை அதை நம்பியிருந்த ஊர்கள்.

1947இல் 48 இலட்சமாக இருந்த இராக்கின் மக்கள்தொகை, 2024 கணக்கெடுப்பில் நான்கரைக் கோடியைக் கடந்துவிட்டது. இரு நதிகளின் தலைப்பகுதியில் துருக்கி கட்டிய அணைகளால் வரத்து நீர் சுருங்கியுள்ளது. 1991க்குப் பின் தெற்கின் சதுப்புநிலங்களை அன்றைய அரசு திட்டமிட்டு வடித்தது; 2003இல் அரசு வீழ்ந்ததும் அங்கத்து மக்களே கரைகளை வெட்டி நீரை உள்ளே விட்டனர். 2016இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதன்பின் வந்த வறட்சி ஆண்டுகளில் எருமைகள் மடிந்தன, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன.

இரு நதிகளுக்கும் இடையே இன்று மூன்றாம் நதி என்று ஒன்று ஓடுகிறது. 1953இல் தொடங்கி 1992இல் முடிக்கப்பட்ட 565 கிலோமீட்டர் வடிகால் அது. குடிக்கவோ பாய்ச்சவோ உதவாத நீரை, வயல்களிலிருந்து திரட்டிய உப்போடு, வளைகுடாக் கடலுக்குச் சுமந்து செல்கிறது. பழங்குடியானவனின் தரிசில் ஷவ்கும் ஆகூலும் செய்துவந்த வேலையை அங்கே இப்போது எந்திரங்கள் செய்கின்றன. எந்திரம் நின்ற வயலில் வெண்மை மீண்டும் மேலே வருகிறது.