எண்ணெய்க் கணக்கும் உலக மகா யுத்தமும்

இரண்டாவது உலக மகா யுத்தம் என்றதும் சர்ச்சிலின் சொல்வன்மை, ஹிட்லரின் வெறி, ஸ்டாலினின் பிடிவாதம், ரூஸ்வெல்ட்டின் சாதுர்யம் ஆகியவையே பெரிதும் பேசப்படுகின்றன. ஆனால் டாங்கிகளும் விமானங்களும் போர்க் கப்பல்களும் ஓடியது எண்ணெயால்தான். அந்தக் கையிருப்புக் கணக்கை எந்தத் தலைவர் எப்படிக் கையாண்டார் என்று பார்த்தால் யுத்தத்தின் போக்கு நன்கு விளங்கும்.

ஜெர்மனி

அக்காலத்தில் உலக எண்ணெய் உற்பத்தியில் பாதிக்கு மேல் அமெரிக்காவுடையது. ஜெர்மனியிலோ நிலக்கரி ஏராளம், எண்ணெய் சொற்பம். நிலக்கரிப் பொடியுடன் ஹைட்ரஜனை மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் சேர்த்துத் திரவ எரிபொருளாக மாற்றலாம் என்று கண்டவர் ஜெர்மானிய விஞ்ஞானி பெர்கியஸ். 1931-ல் கார்ல் போஷுடன் சேர்ந்து ரசாயனத்திற்கான நோபல் பரிசைப் பெற்றவர் இவர். இம்முறையில் லாய்னா போன்ற இடங்களில் பெரிய ஆலைகள் எழுந்தன. ஜெர்மனியின் விமானப் பெட்ரோலில் பெரும்பகுதி இவற்றிலிருந்தே கிடைத்தது. இதைத் தவிர ருமேனியாவின் எண்ணெயும் வந்தது.

இவை போதாமல்தான் ஹிட்லர் 1942-ல் காகசஸ் எண்ணெய் வயல்களைக் குறிவைத்தார். மைகோப், குரோஸ்னி எண்ணெய் கிடைக்காவிட்டால் போரையே முடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அவர் கூறியதாகத் தளபதி பவுலஸ் பின்னர் நியூரம்பர்க் விசாரணையில் சாட்சியம் அளித்தார். அவ்வளவு முக்கியமான இலக்கு என்றால் முழு பலத்தையும் அங்கேயே செலுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஜூலை 23 அன்று பிறப்பித்த உத்தரவில், ஒரு படையைக் காகசஸுக்கும் மற்றொன்றை ஸ்டாலின்கிராடுக்கும் ஒரே சமயத்தில் அனுப்பினார். ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்! ஆகஸ்டில் மைகோப் கைக்கு வந்தது. ஆனால் பின்வாங்கிய ரஷ்யர்கள் கிணறுகளை முன்பே நாசம் செய்திருந்தனர். குரோஸ்னியும் பாகுவும் எட்டவே இல்லை. ஸ்டாலின்கிராடில் 1943 பிப்ரவரி 2-ஆம் தேதி ஜெர்மானியப் படை முற்றிலும் சரணடைந்தது.

ஜப்பான்

ஜப்பான் தன் எண்ணெயில் சுமார் 80 சதவிகிதத்தை அமெரிக்காவிடம் வாங்கிவந்தது. தெற்கு இந்தோசீனாவுக்குள் அது படை நடத்தியதும், 1941 ஜூலை இறுதியில் ரூஸ்வெல்ட் ஜப்பானியச் சொத்துகளை முடக்கினார், எண்ணெயும் நின்றது. கையிருப்பு தீருமுன் சுமத்ரா, போர்னியோ வயல்களைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரமே ஜப்பானை டிசம்பர் யுத்தத்தில் தள்ளியது. வயல்கள் கிடைத்தன. ஆனால் எண்ணெயைத் தாய்நாட்டுக்குக் கொண்டுசெல்லும் கப்பல்களை அமெரிக்க நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றாக மூழ்கடித்தன. கடைசியில் பைன் மர வேர்களிலிருந்து எண்ணெய் எடுக்கும் நிலைக்கு ஜப்பான் வந்தது.

நேச நாடுகள்

நேச நாடுகளின் தளபதிகளிடமும் கருத்து வேறுபாடு இருந்தது. நார்மண்டிப் படையெடுப்புக்கு முன் ரயில் பாதைகளைத் தாக்குவதா, எண்ணெய் ஆலைகளைத் தாக்குவதா என்பது கேள்வி. ஐசன்ஹோவர் ரயில் பாதைகளையே தேர்ந்தெடுத்தார். ஆயினும் ஆலைகள் மீதும் குண்டு வீச அமெரிக்க விமானப்படைத் தளபதி ஸ்பாட்ஸ் அனுமதி பெற்றார். 1944 மே 12-ல் தொடங்கிய தாக்குதலின் விளைவை எண்களே சொல்லும். நிலக்கரி ஆலைகளின் விமானப் பெட்ரோல் உற்பத்தி ஏப்ரலில் 1,75,000 டன்; ஜூலையில் 30,000; செப்டம்பரில் வெறும் 5,000. விமானங்கள் இருந்தும் பறக்க எரிபொருள் இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த ஆர்டென்ஸ் தாக்குதலில், எதிரியின் பெட்ரோலைக் கைப்பற்றி ஓட்டலாம் என்ற நம்பிக்கையோடு ஜெர்மானிய டாங்கிகள் கிளம்பின. பல நடுவழியில் நின்றுபோயின.

நாம் அறிய வேண்டியது

வீரத்திலும் பயிற்சியிலும் ஜெர்மானியரோ ஜப்பானியரோ குறைந்தவர்கள் அல்லர். கையிருப்புக்கு மீறிய ஆசையே அவர்கள் தலைவர்களை வீழ்த்தியது. அதற்கு விலை கொடுத்தவர்களோ சாதாரண மக்கள். இன்று நம் நாடும் கச்சா எண்ணெய்த் தேவையில் 80 சதவிகிதத்திற்கும் மேல் இறக்குமதியை நம்பியிருக்கிறது. ஒரே நாட்டை நம்பாமல் பல நாடுகளிடம் வாங்குவதும், விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் பூமிக்கடியில் பாறைக் குகைகளில் எண்ணெயைச் சேமித்து வைத்திருப்பதும் விவேகமான காரியங்கள். ஆண்டுதோறும் இதற்கு ஆகும் செலவு வீண் என்று தோன்றினால், 1941-ன் ஜப்பானை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் போதும்.