ஓரி: உவமைக்குள் ஒரு சாவு

இலியத்தின் பத்தாம் பகுதியில் ரீசஸ் வருகிறான். திரேஸ் நாட்டு அரசன், டிராய்க்குத் துணையாக வந்தவன். அவனைவிடப் பனியினும் வெண்மையான அவன் குதிரைகளே கண்ணில் நிற்கின்றன. வந்த இரவே, தூக்கத்தில், டயமீடிஸ் அவனைக் கொன்றுவிடுகிறான். ஒடீசியஸ் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போகிறான். ரீசஸ் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சிறிய வீரர்களின் சரித்திரம் அவர்களைக் கொன்றவர்களின் கதைக்குள்தான் கிடைக்கிறது.

நம் பக்கத்திலும் ஒருவன் உண்டு. ஆட்டையாம்பட்டியிலிருந்து ராசிபுரத்தைத் தாண்டித் தென்கிழக்கே போனால் கொல்லிமலை. அதற்குரியவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். சிறுபாணாற்றுப்படை அவனையும் அவன் பகைவன் காரியையும் குதிரைகளை வைத்தே அடையாளம் காட்டுகிறது. இருவர் விஷயத்திலும் குதிரைக்கும் ஆளுக்கும் ஒரே பெயர்.

முள்ளூர்க் காரி ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரலர்க்குக் கொடுத்தான். இதைச் சொல்வது அகநானூறு 209. ஆனால் அது போரைப் பாட வந்த பாட்டு அல்ல. பிரிவில் வாடும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள். அவள் அழகு கொல்லிப்பாவையைப் போன்றது என்று சொல்ல வேண்டும். கொல்லி எது என்று அடையாளம் சொல்லும் போக்கில், வாக்கியத்தின் நடுவே, ஓரி செத்துப்போகிறான்.

நற்றிணை 320 இன்னும் கொடூரமானது. விழா ஓய்ந்த ஊரில் ஒரு பரத்தை தழையுடுத்தித் தெருவில் நடந்து போகிறாள். ஊர் கல்லென்று சிரிக்கிறது. மனைவிமார் தத்தம் கணவரைக் காத்துக்கொள்கிறார்கள். அந்த ஆரவாரத்துக்கு உவமை: ஓரியைக் கொன்றபின் அவனுடைய பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஓசை. ஒரு ஊர் விழுந்த சத்தம் தெருவம்பின் அளவுகோலாகிவிட்டது.

பாடியவர் கபிலர். புறநானூற்றில் 121 முதல் 124 வரை காரியைப் பாடியவரும் அவரே. வென்றவன் பக்கத்துப் புலவரின் அலட்சியம் என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உவமை பலிக்க வேண்டுமானால் கேட்பவனுக்கு அந்த ஓசை ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். விளக்கமில்லாமல் எடுத்தாளும் அளவுக்கு அந்தத் தெருவின் ஓலம் பரவியிருக்கிறது. காரியின் புகழ்ப்பாட்டில் அதற்கு இடம் இருந்திருக்காது. அகப்பாட்டின் உவமையில் இருந்தது. சங்க உவமையை வெறும் அலங்காரம் என்று படிப்பவன் ஒரு சாட்சியத்தைத் தவறவிடுகிறான்.

செத்தவர்கள் பின்னால் தேவைப்படுகிறார்கள். கி.மு. 437இல் ஏதென்ஸ்காரர்கள் ஸ்ட்ரைமோன் நதிக்கரையில் ஆம்ஃபிபொலிஸ் நகரை நிறுவினார்கள். அப்போது டிராயிலிருந்து ரீசஸின் எலும்புகளைக் கொண்டுவந்து அங்கே புதைத்ததாகப் பாலியீனஸ் எழுதிவைத்திருக்கிறார். காப்பியத்தில் தூக்கத்தில் செத்தவன் ஒரு குடியேற்றத்தின் காவலனானான். ஓரிக்கு எலும்பு கிடைக்கவில்லை, ஏடுதான் கிடைத்தது. 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டார். கொல்லியில் இப்போது வாழும் மலையாளிகளோ தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று கதை சொல்கிறார்கள். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி 17, 18இல் அரசு விழாவும் வில் போட்டியும் நடக்கின்றன. அறப்பளீசுவரர் கோயிலுக்கு ஜனங்கள் கூடும் ஆடிப்பெருக்கின் மேல் ஏட்டிலிருந்து வந்த ஓரியை ஏற்றி வைத்திருக்கிறது அரசு.

சிலைக்கு வேண்டிய வில்லைத் தந்தது புறநானூறு 152. வன்பரணர் பாட்டு. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, புற்றிலிருந்த உடும்பு வரை பாய்கிறது. ஆனால் அந்தப் பாட்டின் மையம் அம்பு அல்ல என்பது என் எண்ணம். காட்டில் பாணர்கள் ஒரு வேட்டுவனைப் பார்க்கிறார்கள். யார் இவன், ஓரியோ அல்லவோ என்று ஐயப்படுகிறார்கள். பாடி முடித்துக் 'கோ' என்று விளிக்கும்போது, அது தன்னைக் குறிப்பதாயிற்றே என்று அவன் நாணுகிறான். புழுக்கிய மானிறைச்சியும் கள்ளும் தந்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிக் குவியலையும் கொள்ளுங்கள் என்கிறான். தான் யார் என்று சொல்லவில்லை.

மற்ற இரண்டு பாட்டுகளிலும் அவன் பிறர் சொல்ல வந்த விஷயத்துக்குத் துணைப்பொருள். இங்கே மட்டும் ஆளாக நிற்கிறான், அதுவும் கூச்சத்தோடு. சிலை அம்பைத்தான் பார்க்கும். அந்தக் கூச்சத்தைக் கவிதை வாசகன்தான் காப்பாற்ற வேண்டும்.