தேயும் தட்டின் வரலாறு



நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தின்போது வடம் பிடிப்போரையே ஊர் நோக்கும். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுப்போரை நோக்குவார் சிலரே. ஆயினும் ஓடும் தேரை அடக்குவதும், வீதி முனையில் அதனைத் திருப்புவதும் அக்கட்டைதான். அது நசுங்கும், தேயும், சில வேளை உராய்வின் சூட்டால் புகையும். தேர் காக்கப்படும் பொருட்டுத் தான் அழிவதே அதன் தொழில்.

மோட்டார் வண்டியிலும் இவ்வாறு தேய்வதற்கென்றே அமைந்த உறுப்பு ஒன்று உண்டு. அதனைக் கிளட்ச் என்பர். தேய்ந்தால் மாற்றவேண்டும், மாற்றுவதற்குப் பணம் வேண்டும். விரைவுக்கென்றே செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் இச்செலவு மிகப் பெரிது. அத்தேய்மானம் எதனால் நேர்கிறது, அதற்கான செலவு எவ்வாறு வளர்ந்தது, அவ்விலையை உண்மையில் கொடுத்தவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் இன்று விடை காண்போம்.

முதற்கண் கிளட்சின் தொழிலை அறிந்துகொள்வோம். நீராவி எஞ்சின் நின்ற நிலையிலிருந்தே சுமையை இழுக்க வல்லது. பெட்ரோல் எஞ்சினுக்கு அவ்வாற்றல் இல்லை. நிமிடத்துக்குச் சில நூறு முறையேனும் அது சுழன்றுகொண்டே இருத்தல் வேண்டும், இல்லையேல் அணைந்துவிடும். சுழலும் எஞ்சினை நிற்கும் சக்கரத்தோடு திடீரென இணைத்தால், எஞ்சின் அணையும். அன்றேல் பற்சக்கரம் முறியும். ஆகவே இரண்டையும் சிறிது நேரம் வழுக்கவிட்டுப் படிப்படியாக ஒன்றாக்கவேண்டும். எஞ்சினின் பின்னே உள்ள ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரத்துக்கும், அதன்மேல் அழுத்தும் தகட்டுக்கும் இடையே, உராய்வுப் பட்டை பதித்த தட்டு ஒன்று வில்லின் விசையால் இறுக்கிப் பிடிக்கப்பட்டுள்ளது. பட்டறையில் அதனைக் கிளட்ச் பிளேட் என்றும், பட்டையை லைனிங் என்றும் வழங்குவர். ஓட்டுநர் மிதியை அழுத்தினால் பிடி விடும். காலை மெல்ல எடுத்தால் தட்டு முதலில் வழுக்கி, பின்பு பற்றி, முடிவில் ஒன்றாய்ச் சுழலும். வழுக்கும் அந்தச் சில விநாடிகளிலேதான் தேய்மானம் நிகழ்கிறது. முற்றும் பற்றியபின் நூறு கிலோமீட்டர் ஓடினும் தட்டுக்குக் கேடில்லை.

இவ்வுண்மைக்கு நம் மாவட்டத்து மணிமுத்தாறு மலைச்சாலையே உரைகல்லாகும். சிங்கம்பட்டி ஜமீனைச் சார்ந்த 8,374 ஏக்கர் காட்டுநிலம் 1929-ஆம் ஆண்டு 99 ஆண்டுக் குத்தகையாக பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கு விடப்பட்டது. அங்கு எழுந்த தேயிலைத் தோட்டங்களை நோக்கியே, மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்குச் சாலை ஏறிச் செல்கிறது. மாஞ்சோலையின் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். ஆட்களும் மூட்டைகளும் நிறைந்த பேருந்து ஒன்று, வளைவில் எதிர்வரும் வண்டிக்கு இடங்கொடுத்து நின்று, ஏற்றத்திலே மீண்டும் புறப்பட வேண்டுமாயின் கிளட்சுக்கு அது கடுஞ்சோதனை. இருப்பினும் பழகிய ஓட்டுநரின் கையில் அப்பேருந்தின் தட்டு நெடுநாள் உழைக்கும். பந்தயக்காரின் தட்டோ விரைவில் தேய்ந்துவிடும். காரணம் யாது?

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். எஞ்சின் ஒரே வேகத்தில் சுழல, சமதரையில் வண்டி கிளம்புவதாகக் கொள்க. தட்டு பற்றி முடியும் வேளையில் வண்டி அடைந்திருக்கும் இயக்க ஆற்றல் எவ்வளவோ, அவ்வளவே வெப்பமாகக் கிளட்சிலும் வெளிப்படும் என்பது இயற்பியல் விதி. 12,000 கிலோகிராம் எடையுள்ள பேருந்து முதல் கியரில் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் பற்றி முடிந்தால், பிறக்கும் வெப்பம் 13,500 ஜூல். 1,200 கிலோகிராம் எடையே உள்ள ஸ்போர்ட்ஸ் காரை, எஞ்சினை உச்சத்துக்கு உறுமவிட்டுக் கிளப்பி, விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் தட்டைப் பற்றச் செய்தால், பிறக்கும் வெப்பம் 86,400 ஜூல். எடை பத்தில் ஒரு பங்கு. வெப்பமோ ஆறு மடங்குக்கும் மேல்! வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். ஆதலின் கிளட்சைத் தின்பது சுமை மட்டுமன்று. அவசரமே அதனை மிகுதியாகத் தின்கிறது. மலைப்பேருந்தின் ஓட்டுநரும் ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல், ‘ஆஃப் கிளட்ச்’ என்று சொல்லும் அரைப்பிடியிலேயே வண்டியை நிறுத்தி வைப்பாராயின், அங்கும் தட்டு கருகும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற வண்டியில், ஓடும் வாரை ஒரு கப்பியிலிருந்து மற்றொரு கப்பிக்குத் தள்ளியே எஞ்சினின் விசை சக்கரத்துக்கு ஊட்டப்பட்டது. 1891-இல் பிரான்சு நாட்டின் பனார் லெவாசோர் நிறுவனத்தார், எஞ்சின் முன்னே, அதனை அடுத்துக் கிளட்ச், அதன்பின் கியர்பெட்டி என்னும் ஒழுங்கை வகுத்தனர். அந்நிறுவனத்தின் எமில் லெவாசோர் 1895-இல் பாரிசிலிருந்து போர்தோ நகருக்குச் சென்று திரும்பிய பந்தயத்தில் ஏறத்தாழ 1,180 கிலோமீட்டரை 48 மணி 48 நிமிடத்தில் ஓட்டி முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். அக்காலத்தில் அதுவே உலகை வியப்பில் ஆழ்த்திய விரைவு.

தொடக்க காலக் கார்கள் பலவற்றில் கிளட்ச் கூம்பு வடிவினது. அதன்மேல் தோல் போர்த்தியிருந்தனர். தோல் உலர்ந்து வெடுக்கெனப் பற்றினால் எண்ணெய் பூசுவர். எண்ணெய் மிகுந்து வழுக்கினால் அதனை உறிஞ்சும் மண்பொடி தூவுவர். தோல் கருகினால் புதுத்தோல் வெட்டிப் பொருத்துவர். மாற்றும் செலவு, ஒரு தோல் துண்டும் அரைநாள் வேலையுமே.

எஞ்சின்களின் வலிமை பெருகவே தோல் தாங்கவில்லை. அதற்கு மாற்று தோன்றிய இடமும் ஒரு மலைநாடுதான். இங்கிலாந்தின் டார்பிஷயர் குன்றுகளில் உழவர்கள் இறக்கத்திலே வண்டியை அடக்கப் பழைய காலணிகளைச் சக்கரத்தில் அழுத்தக் கண்ட ஹெர்பர்ட் புரூட் என்பவர், 1897-இல் உராய்வுப் பொருளை ஆராயத் தலைப்பட்டார். அவருடைய முயற்சியிலிருந்தே ஃபெரோடோ என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. பருத்தியும் பிசினும் சேர்ந்த பட்டை முதலில் வந்தது. சூட்டுக்கு அது தீய்ந்தது. பின்பு தீயில் வேகாத கல்நாரை, அஃதாவது ஆஸ்பெஸ்டாசை, நூலாக்கி நெய்து பட்டையாக்கினர். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், கல்நார்ப் பட்டை பதித்த உலர்ந்த ஒற்றைத் தட்டே பெரும்பாலான கார்களுக்குரியதாயிற்று.

நம் நாட்டில் இக்கதைக்குத் தனி அத்தியாயம் உண்டு. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தோன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது சோழவரத்தில் அமைந்த விமான ஓடுபாதையே பந்தயக் களமாயிற்று. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் திறக்கப்படும் வரையில் சோழவரம் என்றாலே பந்தயம் என்று பொருள். அதே 1953-இல் காப்புவரிக் குழு, உள்நாட்டிலே உற்பத்தி செய்ய முன்வராத நிறுவனங்களுக்கு இடமில்லை என்று பரிந்துரைத்தது. அயல்நாட்டு நிறுவனங்கள் சில வெளியேறின, இறக்குமதி இறுகியது. ஜாகுவார், எம்.ஜி. முதலிய கார்களுக்குப் புதுத்தட்டு கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே பட்டறைக்காரர் பழைய தட்டிலிருந்து தேய்ந்த லைனிங்கைப் பெயர்த்து, புது லைனிங்கை வைத்து ரிவெட் அடித்துக் கொடுத்தனர். காசு மிச்சமாயிற்று, கைத்தொழிலும் வளர்ந்தது.

இங்கு நம் மண்ணின் மைந்தர் ஒருவரை நினைவுகூர்தல் தகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துத் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார், 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டவர். அவர் பெயரால் விளங்கும் குழுமத்தில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவும், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் தோன்றின. உராய்வுப் பட்டைக்கு அயல்நாட்டை எதிர்நோக்கிய நிலை இவ்வாறு மாறத் தொடங்கியது.

ஸ்போர்ட்ஸ் காரின் செலவு மட்டும் குறையவில்லை. தட்டின் விலையைவிட அதனை எடுத்து மாற்றும் உழைப்பின் விலை மிகுந்ததே அதற்குக் காரணம். 1961-இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் காரில் கிளட்சை மாற்ற, எஞ்சினையும் கியர்பெட்டியையும் ஒருசேரக் கழற்றி வெளியே எடுத்தாக வேண்டும். அழகுக்காகவும் விரைவுக்காகவும் உறுப்புகளை நெருக்கி வைத்ததன் விளைவு அது. பின்னர் இரட்டைக் கிளட்ச் வந்தது. அடால்ஃப் கெக்ரெஸ் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் 1939-இல் அக்கருத்தை வகுத்தார். 1980-களில் போர்ஷே பந்தயக் கார்களில் அது ஓடியது. 2003-இல் வோல்க்ஸ்வாகன் அதனைப் பொதுவிற்பனைக் காரில் கொணர்ந்தது. இன்று உயர்ந்தவகை ஸ்போர்ட்ஸ் காரில் அத்தொகுதியை மாற்ற வேண்டின் பல இலட்சம் ரூபாய் ஆகும்.

ஆயினும், கார் உரிமையாளர் கொடுக்கும் பணத்தைக் காட்டிலும் பெரிய விலை ஒன்று உண்டு. அது எந்த ரசீதிலும் எழுதப்படுவதில்லை. கல்நார்ப் பட்டை தேய்ந்தால் தூளாகும். அத்தூள் கிளட்சைச் சூழ்ந்த பெட்டிக்குள் படிந்திருக்கும். பட்டறைப் பையன் அதனைக் காற்றடித்து ஊதுவான். ஊதிய தூளை மூச்சில் வாங்குவான். கல்நாரின் நுண்ணிழை நுரையீரலில் தங்கினால் வெளியேறுவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் நோயாக வெளிப்படக்கூடும். இவ்வுண்மை புதிதன்று. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்ற பெண்ணொருத்தி 1924-இல் 33-ஆம் வயதில் இறந்ததை, டாக்டர் வில்லியம் குக் மருத்துவ இதழில் வெளியிட்டார். 1931-இல் அந்நாட்டில் தூசியைக் கட்டுப்படுத்த விதிகள் வந்தன. எனினும் கல்நாரை முற்றும் விலக்க 1999 வரை ஆயிற்று! இடைப்பட்ட காலத்தில் உலகெங்கும் எத்தனை பட்டறைகளில் எத்தனை தட்டுகள் மாற்றப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டு கல்நார்த் தொழிலாளர் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அரசியலமைப்பு தரும் வாழ்வுரிமையின் கூறே என்று தீர்ப்பளித்தது. அவருடைய உடல்நலப் பதிவேட்டைப் பணியில் சேர்ந்த நாள்முதல் 40 ஆண்டுகள் வரை, அன்றிப் பணி நீங்கிய பின் 15 ஆண்டுகள் வரை, இவற்றுள் பிந்திய நாள்வரையில் பாதுகாக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. நோய் வெளிப்பட அத்துணைக் காலம் ஆகும் என்பதை அறிந்தே அவ்வாணை பிறந்தது.

இன்று கல்நாருக்கு ஈடாகக் கண்ணாடி இழை, அராமிட் இழை முதலியவற்றாலாகிய பட்டைகளும், கடும் பந்தயத்துக்குப் பீங்கான் கலந்த உலோகப் பட்டைகளும், கரிநார்ப் பட்டைகளும் வந்துள்ளன. ஆயினும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் போற்றிப் புதுப்பிக்கும் இடங்களில் கல்நார்த் தூள் இன்னும் காத்திருக்கலாம். அங்கே காற்றடித்து ஊதாமல் ஈரத்தால் துடைத்தெடுப்பதே அறிவுடைமை.

மாணவர்களே, உங்களுள் பலர் பொறியாளராவீர்கள். சிலர் பட்டறை நடத்துவீர்கள். வண்டி ஓட்டாதவர் அரியர். ஒரு பொருளின் விலை யாது என்று கேட்கும்போது, கடையில் கொடுக்கும் காசோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். அதனைச் செய்தவரும், கழற்றி மாட்டியவரும் என்ன கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தேய்வதற்கென்று தட்டைப் படைத்தோம், அது முறையே. தட்டோடு சேர்த்து மனிதனையும் தேயவிடுவது முறையன்று. நம் காலில் உள்ள பொறுமை ஒரு தட்டைக் காக்கும். நம் கருத்தில் உள்ள பொறுப்பு ஓர் உயிரைக் காக்கும்.