கல்லூரி மூடிட்டா உங்க டிகிரி என்ன ஆகும்?

பட்டமளிப்பு விழா சீசன். சர்டிபிகேட்டோட சேர்த்து, 'பழைய மாணவர் சங்கத்துல சேருங்க'ன்னு ஒரு படிவத்தையும் நீட்டுவாங்க. எதுக்குச் சேரணும்? வேலைக்கு நாலு பேர் அறிமுகம் கிடைக்கும், நண்பர்களோட தொடர்பு விட்டுப்போகாது. பொதுவா இதைத்தான் சொல்வாங்க. ஆனா அமெரிக்காவுல இன்னிக்கும் இயங்குற மிகப் பழைய சங்கத்தோட கதையைப் படிச்சப்போ, எனக்கு இன்னும் அழுத்தமான ஒரு காரணம் கிடைச்சது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தோட வடமேற்கு மூலையில, மலைகளுக்கு நடுவுல இருக்குற ஊர் வில்லியம்ஸ்டவுன். அங்கே 1793-ல தொடங்கினதுதான் வில்லியம்ஸ் கல்லூரி. 'இவ்வளவு ஒதுக்குப்புறமான ஊருக்கு யார் படிக்க வருவாங்க?'ன்னு நிர்வாகிகளுக்கே கவலை. கல்லூரியை நார்த்தாம்ப்டனுக்கு மாத்த முயற்சி பண்ணாங்க. 1820-ல மாநில சட்டமன்றம் அதுக்கு அனுமதி தரலை.

அடுத்த வருஷமே பெரிய அடி. கல்லூரித் தலைவர் செஃபனையா ஸ்விஃப்ட் மூர், ஆமர்ஸ்ட் ஊர்ல புதுசா உருவான கல்லூரிக்குத் தலைமை ஏற்கக் கிளம்பிட்டார். மாணவர்கள் சிலரும் அவர் பின்னாடியே போயிட்டாங்க. தலைவரே போனப்புறம் இந்தக் கல்லூரி தாங்குமான்னு எல்லாருக்கும் சந்தேகம்.

அந்த நேரத்துலதான், 1821 பட்டமளிப்பு விழாவை ஒட்டி, ஏற்கெனவே படிச்சு முடிச்சவங்க ஒன்றுகூடி சங்கம் அமைச்சாங்க. கல்லூரியை ஆதரிக்கணும், பாதுகாக்கணும், மேம்படுத்தணும். இதுதான் நோக்கம். எட்வர்ட் டோர் கிரிஃபின் புதிய தலைவரா வந்தார். கல்லூரி பிழைச்சது. இன்னிக்கும் அதே ஊர்லதான் இருக்கு.

அவங்களைச் சேர்த்தது வெறும் பாசம் மட்டும்தானா? எனக்கு அப்படித் தோணலை. கல்லூரி மூடிட்டா பட்டம் செல்லும்தான். ஆனா அந்தப் பேருக்குப் பின்னாடி நிக்க ஒரு இடம் இருக்காது. நாம வெளியே வந்தப்புறமும், கல்லூரியோட மதிப்பு நம்ம பேரோட ஒட்டிக்கிட்டே வருது.

பின்னாடி இந்த உறவு அதிகாரமாவும் மாறுச்சு. ஹார்வர்டுல மேற்பார்வைக் குழுவைத் தேர்ந்தெடுக்குற உரிமை மாநில சட்டமன்றத்துக்கிட்ட இருந்தது. 1865-ல வந்த சட்டம் அதைப் பட்டதாரிகள் கையில கொடுத்துச்சு.

அதனால, படிவத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: 'கல்லூரி தப்பான பாதையில போனா, இந்தச் சங்கம் வாய் திறக்குமா?' வருஷத்துக்கு ஒரு விருந்து மட்டும்னா, அதுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பே போதும்.