வாசலோடு நின்ற வைத்தியம்



எதிரணி நண்பர் கேட்டார்: "ஆஸ்பத்திரியிலே ஊசி போதும், நர்சம்மா சாமியைப் பத்தி எதுக்கு விசாரிக்கணும்?" அவரை நான் ரொம்ப தூரம் கூட்டிப் போகலை. இதோ, பக்கத்துத் திண்டிவனம் வரைக்கும் வரட்டும்.

1890களின் தொடக்கம். மிஷன் டாக்டர் ஜான் ஸ்கடர் வீடு. ஒரே ராத்திரியிலே மூன்று பேர் தனித்தனியாக வந்து நிற்கிறார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவரும் இந்து. மூவரின் மனைவிக்கும் பிரசவ வேதனை. அப்பாவை அனுப்புகிறேன் என்கிறார் டாக்டரின் மகள் ஐடா. அந்நிய ஆண் உள்ளே வரக்கூடாது, நீதான் வரணும் என்கிறார்கள் மூவரும். அந்தப் பெண்ணுக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று தாய்மாரும் உயிரோடில்லை.

டாக்டர் இருந்தார் ஐயா! வாசல் தாண்ட வழியில்லை.

அந்தக் கணவன்மாரைத் திட்டலாம். எனக்கும் கோபம் வருது. ஐடா அமெரிக்கா போய் 1899லே டாக்டராகித் திரும்பினார். வேலூரிலே 1902ல் மருத்துவமனை, 1909ல் நர்சுப் பள்ளி, 1918ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. எந்த மதத்து வீடானாலும் உள்ளே போகக்கூடிய பெண்களைத் தயார் பண்ணினார்!

பிற்பாடு வர்ஜீனியா ஹெண்டர்சன் என்ற அமெரிக்க நர்சு, நோயாளியின் அடிப்படைத் தேவைகள் 14 என்று எழுதினார். மூச்சு, சாப்பாடு, தூக்கம் இருக்கிற அதே பட்டியலிலே, அவரவர் சமயப்படி வழிபடுவதும் இருக்கு.

அதை மட்டும் அடிச்சிடலாமா? எதிரணி சொல்லட்டும்.