காஷ்மோரா வந்த வழி

நான் பிறப்பதற்குச் சில வருடங்கள் முன்பு, 1980களின் தொடக்கத்தில், எங்கள் திருத்தணி வீட்டில் ஒரு தெலுங்கு வாரப் பத்திரிகை ஆறு வாரம் பிரிக்கப்படாமலே கிடந்திருக்கிறது. 'ஆந்திர பூமி' என்ற அந்தப் பத்திரிகையில் எண்டமூரி வீரேந்திரநாத்தின் 'துளசிதளம்' தொடராக வந்துகொண்டிருந்த நேரம். அம்மா அதை ஒரு வாரம்கூட விட்டதில்லை. அந்த ஆறு வாரம் மட்டும் தொடவில்லை. தொடவிடவில்லை என்பதுதான் சரி.

அம்மா நகரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தெலுங்கில்தான் சரளமாகப் படிப்பாள். ஆயாவுக்கும் தெருவில் இருந்த மற்ற பெண்களுக்கும் தெலுங்கு பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. அதனால் வாராவாரம் சாயங்காலம் திண்ணையில் அம்மா அந்த வாரத்துக் கதையைத் தமிழில் சொல்லுவாள். ஐந்தாறு பேர் கேட்பார்கள்.

எங்கள் ஊரில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. 1953-இல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், பிறகு படாஸ்கர் தீர்ப்பு, எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் ஊர் சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர, பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. பெண்களோடு சேர்ந்து பத்திரிகைகளும் வந்தன.

மர்மக் கதைகளைப் பொறுத்தவரை எங்கள் வட்டாரத்துக்கு இன்னும் பழைய உறவு உண்டு. தமிழில் துப்பறியும் நாவல்களைக் குவித்தவர்களில் ஒருவர் ஆரணி குப்புசாமி முதலியார். அவர் ஆசிரியராக இருந்த 'ஆனந்தபோதினி'யை 1915-இல் தொடங்கியவர் நாகவேடு முனுசாமி முதலியார். நாகவேடு எங்களுக்கு அடுத்த அரக்கோணம் பக்கத்துக் கிராமம். குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி அய்யங்கார் ஆகியோரின் நாவல்கள் விற்ற வேகத்தைப் பார்த்து அன்றைய படித்த பெரியவர்கள் பதறிப்போனார்கள். நாவல் படிக்கும் பெண்கள் கெட்டுப்போவார்கள், இளைஞர்கள் திருடக் கற்றுக்கொள்வார்கள் என்றெல்லாம் எழுதினார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' இந்தப் பதற்றத்தை விரிவாகப் பேசும் நூல். நாவலைக் கண்டித்தவர்கள் எழுதியது ஏராளமாகக் கிடைக்கிறது. அதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்த பெண் என்ன நினைத்தாள் என்பதற்கான பதிவு அபூர்வம். அதனால்தான் திண்ணைக் கதையை இங்கே எழுதி வைக்கிறேன்.

'துளசிதளம்' தெலுங்கில் பெரிய அலையைக் கிளப்பிய நாவல். துளசி என்ற சிறுமியின் மீது சொத்துக்காகக் காஷ்மோரா என்ற சூனியம் ஏவப்படுகிறது. குழந்தையைக் காப்பாற்ற ஒரு பக்கம் மருத்துவர்கள் போராடுகிறார்கள், இன்னொரு பக்கம் மந்திரவாதிகள். சார்ட்டர்ட் அக்கவுண்டன்டான எண்டமூரி கணக்குப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். நம்புகிறவருக்கு ஒரு விளக்கம், நம்பாதவருக்கு இன்னொரு விளக்கம் என்று கதை நெடுக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு போகிறார்.

இதே உத்தி தமிழிலும் வெற்றி பெற்றது. குமுதத்தில் வந்த சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நாவலில் கணேஷ் விஞ்ஞானத்தின் பக்கம் நிற்பான், வசந்துக்குப் பேய் இருக்கலாமோ என்ற சபலம் விடாது. 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு' சன் டிவியில் ஓடியபோது நான் சின்னப் பையன். மனநோய் என்ற விளக்கமும் கருப்பசாமியின் காவலும் அதில் கூடவே வந்தன. வாரம் முழுக்க ஸ்கூலில் இதே சண்டைதான்: சாமியா, மனுஷனா? அந்தச் சண்டைக்காகவே பார்த்தோம் என்று இப்போது தோன்றுகிறது. வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாட இடம் விட்டால்தான் தொடர் ஓடும் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த இரட்டை விளக்கத்தைத்தான் ரங்கநாயகம்மா தாக்கினார். 'ராமாயண விஷவிருட்சம்' எழுதிய மார்க்சியவாதியான அவர், துளசிதளத்துக்கு எதிராக ஒரு புத்தகமே எழுதினார். 'துளசிதளம் அல்ல, கஞ்சா தம்' என்று பொருள் வரும் தலைப்பு. மூடநம்பிக்கைக்கு விஞ்ஞான வேஷம் போட்டு விற்கிறார்கள் என்பது அவருடைய கோபம். அந்தக் கோபத்துக்கு நியாயம் இருந்தது. தெலுங்கானா கிராமங்களில் 'பாணாமதி' வைத்ததாகச் சந்தேகித்து மனிதர்களை அடித்துக் கொன்ற சம்பவங்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது.

எங்கள் தெருவில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. நடந்தது இதுதான்.

மூன்று வயது அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து, ராத்திரியில் வலிப்பு கண்டது. கண் மேலே செருகி, உடம்பு விறைத்துவிட்டது. திண்ணையில் கேட்ட கதையில் துளசி பட்ட பாடெல்லாம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஆயா அம்மாவைப் பார்த்துச் சொன்னாளாம்: "அந்தப் பொஸ்தகத்த மொதல்ல வெளிய போடும்மா. அத்தோட பேர வாராவாரம் நம்ம வாசல்ல ஒக்காந்து சொன்னா வராம இருக்குமா?"

அம்மா, "கதைதான அத்தே" என்றிருக்கிறாள். ஆனால் அவள் கையும் நடுங்கியிருக்கிறது.

டாக்டர் பார்த்தார், மாத்திரை கொடுத்தார். அதிகக் காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு வலிப்பு வரும், வளர வளரப் போய்விடும் என்றார். ஆயா புத்தூர்ப் பக்கம் போய்த் தாயத்து வாங்கி வந்தாள். ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போடுவதாக மலைமேல் இருக்கிறவனுக்கும் நேர்ந்துகொண்டாள். அண்ணன் பிழைத்துக்கொண்டான். எதனால் என்று இன்றுவரை வீட்டில் யாரும் யாரோடும் சண்டை போட்டதில்லை. எண்டமூரியின் நாவலை விடச் சாமர்த்தியமாக இரண்டு விளக்கங்களையும் ஒன்றாக வைத்து வாழும் வீடு எங்களுடையது.

ஆனால் அந்த ஆறு வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. பின்வீட்டில் குழந்தை இல்லாத ஒரு அம்மா இருந்தார். காய்ச்சலுக்கு முந்தின நாள் அண்ணனுக்கு முறுக்கு கொடுத்திருந்தார். யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. குழாயடியில் 'காஷ்மோரா' என்ற சொல் அவர் பெயரோடு சேர்ந்து வந்துவிட்டது. பில்லி, ஏவல், செய்வினை என்று நம்மிடம் பழைய சொற்கள் ஏராளம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லக் கூச்சம் இருந்தது. கதையில் வந்த புதுச் சொல்லுக்கு அந்தக் கூச்சம் இல்லை. பாதி விளையாட்டாகச் சொல்லலாம். யாராவது கேட்டால், "கதையச் சொன்னோம்" என்று நழுவலாம். அந்த அம்மாவைப் பிறகு யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. மறு வருஷம் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

திகில் கதை வாசகரைக் கெடுக்கும் என்ற நூறு வருடத்துப் புகாரை நான் ஏற்பதில்லை. அதைப் படித்த ஒரே ஆளான அம்மா கெடவில்லை. அவளுக்கு அது கடைசிவரை கதைதான். வாய்வழியாகக் கேட்டவர்களிடம் போனபோது அது கதையிலிருந்து கழன்றுகொண்டது. அடிபட்டதும் படிக்காத ஒருவர்தான். ரங்கநாயகம்மாவின் கோபம் எனக்குப் புரிவது இந்த இடத்தில்தான். நாவலில் இரண்டு விளக்கங்களையும் அப்படியே விட்டுவிட்டு முடிக்கலாம். தெருவில் ஒரு விளக்கத்துக்கு மட்டும்தான் குற்றவாளி தேவைப்படுகிறார்.

பிறகு 1986-இல் 'காஷ்மோரா' என்றே தெலுங்குப் படம் வந்தது. 2016-இல் கார்த்தி நடித்த தமிழ்ப் படத்துக்கும் அதே பெயர். அது கலகலப்பான படம். அம்மாவோடு டிவியில் பார்க்கும்போது பெயர் வந்ததும் அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் இதையெல்லாம் சொன்னாள்.

ஆறு வாரம் கழித்து விட்ட இதழ்களை எடுத்துப் படித்துவிட்டாளாம். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து சொல்லவில்லை. "அந்தக்கா தினம் மொதல்ல வந்து ஒக்காருவாங்க. எல்லாரையும் விட அவங்கதான் ரொம்ப பயப்படுவாங்க. பாப்பா பொழைக்குமா, பொழைக்குமான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க," என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "பொழச்சிடுச்சுன்னு அவங்களுக்கு நான் சொல்லவே இல்ல" என்றாள்.