பெல்லாரி வழக்கும் அத்தையின் கையெழுத்தும்

நான் வக்கீல் இல்லை. பகலில் சாஃப்ட்வேர் வேலை, ராத்திரியில் பழைய தீர்ப்புகளைத் தோண்டிப் படிப்பது ஒரு கிறுக்கு, அவ்வளவுதான். அப்படிச் சிக்கியதுதான் 1863-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்த ஆபிரகாம் குடும்ப வழக்கு. சட்டக் கல்லூரியில் இதை மதமாற்ற வழக்கு என்று சொல்லித் தருவார்கள். எனக்கு இது ஒரு வீட்டுச் சண்டையாகத்தான் தெரிந்தது.

மேத்யூ ஆபிரகாம் பெல்லாரியில் வாழ்ந்தவர். பறையர் சமூகத்தில் வேர் கொண்ட கிறிஸ்தவக் குடும்பம். பெல்லாரி அப்போது பெரிய பட்டாளத்து ஊர். மேத்யூ சொந்தமாக வியாபாரம் தொடங்கி, சாராயம் காய்ச்சும் ஆலை, அரசாங்கக் குத்தகை என்று நன்றாகவே வளர்ந்தார். 1820-இல் சார்லட் ஃபாக்ஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். நாம் இன்று ஆங்கிலோ இந்தியர் என்கிறோமே, அன்றைக்கு அவர்களுக்கு 'ஈஸ்ட் இந்தியன்' என்று பெயர். சார்லட் அந்தச் சமூகத்துப் பெண். மேத்யூவின் தம்பி பிரான்சிஸ் கூடவே இருந்து வியாபாரத்தைக் கவனித்தார்.

1842-இல் மேத்யூ இறந்தார். உயில் எழுதவில்லை. கொஞ்ச வருஷம் எல்லாம் சுமுகமாகப் போனது. அப்புறம் அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் ஒத்துவரவில்லை. விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

பிரான்சிஸின் வாதம்: "எங்கள் முன்னோர் இந்துக்கள். நாங்கள் பாகம் பிரிக்காத அண்ணன் தம்பிகள். ஆகவே இந்து சட்டப்படி இது கூட்டுக்குடும்பச் சொத்து, நான் பங்காளி." சார்லட்டின் வாதம்: "நாங்கள் கிறிஸ்தவர்கள். வாழ்ந்தது ஈஸ்ட் இந்தியர் மாதிரி. சொத்து என் கணவர் சம்பாதித்தது. அது எனக்கும் என் பிள்ளைகளுக்கும்தான்."

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அண்ணனைப் போலவே ஐரோப்பிய நடையுடைக்கு மாறியிருந்த ஒரு கிறிஸ்தவர், பணம் என்று வந்ததும் இந்து சட்டத்தைக் கையில் எடுத்தார். பெல்லாரி கோர்ட் சார்லட் பக்கம் நின்றது. சென்னை சதர் அதாலத் அதைப் புரட்டிப்போட்டது. சார்லட் விடாமல் லண்டன் வரை போனார்.

பிரிவி கவுன்சில் சொன்னதன் சாரம் இதுதான். மதம் மாறியவனை இந்து சட்டம் கட்டாயப்படுத்திப் பிடித்துவைக்க முடியாது. அதே சமயம், மாறினான் என்பதற்காகவே சொத்து விஷயத்தில் பழைய வழக்கம் தானாக அறுந்தும் போகாது. அவன் பழையதைத் தொடரலாம், உதறவும் செய்யலாம். எதைத் தேர்ந்தான் என்பதை அவன் நடத்தையைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். என்ன உடுத்தினார்கள், யாரோடு பழகினார்கள், எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்றெல்லாம் பார்த்து, பிரான்சிஸ் கூட்டுக்குடும்பப் பங்காளி இல்லை என்று முடித்தார்கள். ஆனால் அவரை வெறுங்கையோடும் அனுப்பவில்லை. உழைத்த வியாபாரத்தின் லாபத்தில் அவருக்குப் பங்கு உண்டு என்றார்கள்.

இந்தத் தேர்வுச் சுதந்திரம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1865-இல் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உயில் இல்லாமல் இறக்கும் கிறிஸ்தவரின் பிள்ளைகளில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. 1925-இன் சட்டமும் இதையே வைத்துக்கொண்டது. இந்துப் பெண்களுக்குச் சட்டம் இதைக் கொடுப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னால்! திருவிதாங்கூரில் 1916-இல் தனிச் சட்டம் போட்டார்கள். மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1986-இல், மேரி ராய் வழக்கில்.

இதையெல்லாம் படிச்சிட்டு இருக்கும்போது எனக்கு அத்தை ஞாபகம் வந்தது.

எங்க ஊர் திருநெல்வேலிப் பக்கம், மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். தாத்தா உயில் எழுதாமல் இறந்தார். ஆச்சி அதற்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் இரண்டே பேர், அத்தையும் அப்பாவும். சட்டப்படி சரிபாதி. ஆனால் நான் பிளஸ் டூ படிக்கும்போது அத்தை பத்திர ஆபீஸுக்கு வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். "எந்தம்பிக்குத்தானல குடுக்கேன், வேற யாருக்கா?" என்று சிரித்தார். யாரும் மிரட்டவில்லை. 'உனக்குப் பாதி உண்டு' என்று யாரும் சொல்லவுமில்லை. வீட்டில் சாயங்கால ஜெபம் வழக்கம்போல நடந்தது.

பிரான்சிஸைப் பார்த்துச் சிரித்தேனே, நாங்களும் அதைத்தானே செய்திருக்கிறோம்? ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் திருச்சபை முறைப்படி. நிலம் என்றால் மட்டும் ஊர் வழக்கம். சட்டம் அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. விடுதலைப் பத்திரம் வழியாக நாங்கள் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம்.

லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் ஒருவன், சொத்தில் பங்கு தரும்படி என் சகோதரனிடம் சொல்லும் என்று இயேசுவிடம் கேட்கிறான். பங்கு பிரிக்கிற வேலையை அவர் ஏற்கவில்லை. பேராசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார். சின்ன வயதில் எனக்கு இது நழுவல் மாதிரித் தெரிந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. கணக்கு யாருக்கும் போடத் தெரியும். கையில் வைத்திருப்பவன் தானாகக் கொடுப்பானா என்பதுதான் கேள்வி.

இப்போது அப்பா இல்லை. நிலம் என் பெயரில். அத்தையின் கையெழுத்து செல்லும், கோர்ட் என்னை ஒன்றும் கேட்காது. போன ஞாயிறு அத்தைக்கு போன் போட்டு, பாதியை உங்க பேருக்கு எழுதலாம்னு இருக்கேன் என்றேன். "இப்ப எதுக்குல அது?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாக, "கிணத்துப் பக்கமா, ரோட்டுப் பக்கமா?" என்று கேட்டார்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்தக் கேள்வி அவரிடம் இருந்திருக்கிறது. பத்திர எழுத்தரிடம் பேசிவிட்டேன். கிணத்துப் பக்கம்.